இதை யார் செஞ்சது?

வீடியோ கேம் செய்பவர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். ரசிகர்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள்? மும்பைத் தமிழர் வீட்டுக் கூடத்திலிருந்து தொடங்கும் ஒரு தேடல்.

2021 ஜனவரி கடைசி வாரம். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். பதினாறு வயது அக்கா மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"மாமா, ஃபௌஜிக்கு ஒத்த ஸ்டார் போட்டுட்டேன்."

"எதுக்குலே?"

"வேஸ்ட் மாமா. பப்ஜி மாதிரி இருக்கும்னு பார்த்தா, சும்மா கையால அடிச்சிட்டே போறாங்க."

"எவ்வளவு நேரம் விளையாண்ட?"

"டவுன்லோட் பண்ணேன், இன்னும் தொறக்கவே இல்ல. யூடியூப்ல பார்த்தேன். என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் ஒத்த ஸ்டார்தான் போட்டாங்க."

அவன் கெட்ட பையன் இல்லை. வகுப்பில் முதல் வரிசை. ஆச்சிக்குத் தினமும் கண்ணில் சொட்டு மருந்து விடுபவன். அன்று அவன் செய்தது போல அந்த வாரம் இந்தியா முழுக்க ஏராளமான பிள்ளைகள் செய்தார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. இரண்டே நாளில் ஃபௌஜி என்ற ஆட்டம் அறிவிக்கப்பட்டது. 1999இல் மும்பையில் இந்தியாகேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய விஷால் கோண்டலும், பெங்களூரு என்கோர் கேம்ஸும் அதன் பின்னால் இருந்தார்கள். நடிகர் அக்ஷய் குமார் விளம்பரம் கொடுத்தார். 2021 குடியரசு தினத்தன்று ஆட்டம் வெளிவந்தது. பப்ஜி போலத் துப்பாக்கியோடு பலர் மோதும் களத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த பிள்ளைகளுக்கு, கல்வான் பள்ளத்தாக்கில் ஒருவர் மட்டும் கைகலந்து முன்னேறும் கதைப் பகுதிதான் முதலில் கிடைத்தது. மதிப்பெண் மளமளவெனச் சரிந்தது.

ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதிய அந்த விரல்தான் என்னை உறுத்தியது. "அதை எத்தனை பேர் செஞ்சிருப்பாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு கேள்வி இருப்பதையே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவன் போல இருந்தது அவன் முகம்.

அவனைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. அந்த வயதில் நானும் அதைக் கேட்டதில்லை.

முஸ்தபா காலம்

தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தொண்ணூறுகளின் நடுவில், நாலு பெட்டிகள் வைத்த ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய்க் காசு போட்டால் ஓர் ஆட்டம். நாங்கள் எல்லாரும் விளையாடியது 'முஸ்தபா'. இந்தியா முழுக்க அந்த ஆட்டத்துக்கு அதுதான் பெயர். தொப்பி போட்டு, மஞ்சள் உடுப்போடு பாய்ந்து உதைக்கும் முஸ்தபாதான் எங்கள் நாயகன். பள்ளி விட்டதும் பையோடு ஓடுவோம். காசு இல்லாதவன் அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அதன் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்பதும், ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் செய்தது என்பதும், மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த சித்திரக் கதையிலிருந்து அது பிறந்தது என்பதும் எனக்குத் தெரிய இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்து ஜப்பானிய ஆட்டங்களின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பல பெயர்கள் புனைபெயர்கள் என்று பிறகு படித்தேன். தங்கள் ஆட்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளக் கூடாது என்று நிறுவனங்களே சொந்தப் பெயரை மறைக்கச் சொன்னார்களாம். நான் என் ஒரு ரூபாயைக் கொடுத்த மனிதருக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை.

அமெரிக்காவிலும் கதை வேறல்ல. அட்டாரி நிறுவனம் ஆட்டம் செய்பவரின் பெயரைப் பெட்டியில் போடாது. அங்கே வேலை பார்த்த வாரன் ராபினெட், 1980இல் வெளியான 'அட்வென்ச்சர்' ஆட்டத்தில் யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணில் படாத ஒரு சின்னப் புள்ளியைத் தேடி எடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த அறை திறக்கும். உள்ளே இருந்தது அவருடைய பெயர். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் மேலதிகாரிகளுக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். அதே அட்டாரியிலிருந்து மனக்கசப்போடு வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். ஆட்டம் செய்தவரின் பெயரை அட்டையில் அச்சிட்டார்கள்.

இன்று ஆட்டம் செய்பவர்கள் மணிக்கணக்கில் பேட்டி கொடுப்பதைப் பார்க்கும்போது இந்தப் பழைய கதையை நினைத்துக்கொள்கிறேன். பெயரைச் சொல்லவே ஒரு தலைமுறை போராடியது. அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

தலைவரே கேள்வி கேட்டார்

ஆட்டம் செய்பவர்களின் ஒளிவுமறைவற்ற பேட்டிக்கு நல்ல இலக்கணம் வகுத்தவர் ஒரு நிறுவனத் தலைவர். நின்டெண்டோவின் சடோரு இவாடா. நிரலாளராக வாழ்க்கையைத் தொடங்கி, 2002இல் தலைவர் ஆனவர். 2005இல் உலக ஆட்ட வடிவமைப்பாளர்கள் மாநாட்டு மேடையில், தன் பெயர் அட்டையில் தலைவர் என்றிருந்தாலும் மனத்தளவில் தான் ஆட்டம் செய்பவன், நெஞ்சளவில் ஆட்டம் ஆடுபவன் என்று சொன்னார். அடுத்த ஆண்டு 'இவாடா கேட்கிறார்' என்ற பேட்டித் தொடர் வந்தது. தன் நிறுவனத்து ஆட்களையே உட்கார வைத்து அவர் கேள்வி கேட்டார். எங்கே தடுக்கினீர்கள்? எதைத் தூக்கிப் போட்டீர்கள்? யார் சண்டை போட்டார்?

மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ, முடியப்போகும் வேலையைக் கடைசி நேரத்தில் புரட்டிப் போடுவாராம். சக ஊழியர்கள் அதற்கு 'தேநீர் மேசையைக் கவிழ்ப்பது' என்று பெயரே வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு பேட்டியில் மறைக்கப்படாமல் வந்தது. ரசிகர்கள் அதைப் படித்து மியாமோட்டோவை வெறுக்கவில்லை. இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்பது அவர்களுக்கு விளங்கியது. 2015 ஜூலையில் 55 வயதில் இவாடா காலமானபோது உலகெங்கும் ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் போனதுபோல வருந்தினார்கள். ஒரு கம்பெனித் தலைவருக்காக மக்கள் அழுவது எங்கேயும் எளிதில் நடப்பதில்லை. தன் பட்டறைக் கதவைத் திறந்து வைத்தவர் என்பதால் அது நடந்தது.

வெண்பா வீட்டுக்கு வந்தாள்

நமக்கு நெருக்கமான கதவு ஒன்று 2023 ஜூலை 31 அன்று திறந்தது. டொரான்டோவில் அபி என்ற தமிழர் தலைமையிலான விசை கேம்ஸ் செய்த 'வெண்பா'. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. கணவர் பாவலன், மகன் கவின். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. இட்லி, புட்டு, பிரியாணி, தோசை.

தன் பேட்டிகளில் அபி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புலம்பெயர்ந்தோர் கதை என்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் பார்வையில்தான் வருகிறது; பெற்றோர் பிள்ளைக்குத் தடையாக நிற்பவர்களாகவே காட்டப்படுகிறார்கள்; அதைத் திருப்பி, ஆடுபவரைத் தாயின் இடத்தில் நிற்க வைக்க விரும்பினேன் என்பது அவர் பேச்சின் சாரம். சிறு வயதில் ஊரை விட்டுப் போன ஒருவர், தாயின் தரப்பு நியாயத்தைப் பின்னாளில் உணர்ந்து பொதுவில் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அது ஒருவகை மன்னிப்பு.

ரசிகர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். ஆடி முடித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டதாகப் பலர் சொன்னார்கள். தமிழே அறியாத வேறு நாட்டார் வீட்டுப் பிள்ளைகளும் அது தங்கள் வீட்டுக் கதை என்றார்கள். 2024இல் சுயாதீன ஆட்டங்களுக்கான விழாவின் முதல் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, கொடுத்த பணத்துக்குப் போதாது என்றார்கள். ஒளிக்காமல் சொன்ன குறை. அதிலும் நியாயம் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்கா மகன் அப்போது மாட்டுங்காவில் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தான். லாமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியில் வெண்பாவை ஓட விட்டான். எண்பதைத் தொட்ட என் அம்மா, அவனுடைய ஆச்சி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அத்தியாயம் இட்லி. தட்டுகளை அடுக்க வேண்டிய இடம் வந்தது. அவன் ஏதோ ஒரு வாக்கில் அடுக்கினான். தப்பாகிவிட்டது.

"ஏல, துளை மேல இட்லி வந்தா ஆவி எப்படில ஏறும்? மாத்தி மாத்தி வைக்கணும்லா!"

அவன் தட்டைத் திருப்பி வைத்தான். சரியாக வந்தது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை இன்னும் கிட்டப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இத யாருல செஞ்சது? சமையல் தெரிஞ்ச புள்ளையா இருக்கும் போலயே."

தாராவிக் கடையில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு ரயிலேறி வந்து, ஐம்பது வருஷம் இட்லி அவித்த கை அதை முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. வேலை தெரிந்தவருக்கு வேலையைப் பார்த்தவுடன் அதைச் செய்தவர் நினைப்பு வருகிறது.

நம் ஊர்ப் பட்டறைகள்

ஆட்டம் செய்பவர் எங்கோ ஜப்பானில் இருந்த காலம் போய்விட்டது. இப்போது அவர் நம் ரயிலில் ஏறுகிறார். புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த 'ராஜி' 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் ஓர் அக்காவின் கதை. ராஜஸ்தான் கோட்டைகள் போன்ற கட்டடங்கள். துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிகள். 2017இல் மக்களிடம் நிதி திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. வேலையைத் தொடர நிறுவனர் தரப்பில் சொந்த வீட்டையே விற்க வேண்டி வந்ததைப் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார்கள். ஆட்டம் வெளிவந்த ஆண்டே உலக கேம் விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான பட்டியலில் 'ராஜி' இடம்பெற்றது. சண்டைக் காட்சிகள் மெருகேறவில்லை என்று ஆடியவர்கள் சொன்னார்கள். 2022இல் மேம்படுத்திய பதிப்பு வந்தது.

மும்பையில் அண்டர்டாக்ஸ் ஸ்டூடியோ 'முக்தி' என்ற ஆட்டத்தை எடுத்திருக்கிறது. ஆள் கடத்தல் என்னும் கொடுமையைப் பேசும் கதை. சோனி நிறுவனம் இந்திய ஆட்டங்களுக்கென்று தொடங்கிய திட்டத்தில் தேர்வானது. மும்பையின் கேம்இயான் ஸ்டூடியோஸ் 2020இல் 'மும்பை கல்லீஸ்' என்ற ஆட்டத்தை அறிவித்தது. நம் நகரத்தின் சந்துகளிலேயே சுற்றித் திரியும் ஆட்டம். அறிவித்ததுமே ரசிகர்கள் அதற்கு 'இந்திய ஜிடிஏ' என்று பட்டம் கட்டினார்கள்.

பாசத்தோடுதான் கட்டினார்கள். அந்தப் பட்டம் எவ்வளவு கனம் என்பதை யாரும் எடை போடவில்லை. ஜிடிஏ செய்யும் ராக்ஸ்டார் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். ஐந்தாம் பாகம் வந்தது 2013இல். ஆறாம் பாகம் 2025 என்று சொல்லி 2026க்குத் தள்ளிப் போடப்பட்டது. அவ்வளவு பெரிய ஆலையாலேயே சொன்ன தேதியில் முடியவில்லை. சில பேர் சேர்ந்து உழைக்கும் நம் ஊர்ப் பட்டறை ஒன்று தாமதித்தால் மட்டும் 'ஏமாற்று' என்ற சொல் சட்டென்று வாயில் வருகிறது. கேம்இயான் நிறுவனர் நிகில் மலங்கர் போன்றவர்கள் பேட்டிக்குப் பேட்டி எதிர்பார்ப்பைத் தணிக்க வேண்டியிருக்கிறது.

தாராவிச் சந்துகள் உலக ஆட்டங்களுக்குப் புதிதல்ல. டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் செய்து 2018இல் வெளிவந்த 'ஹிட்மேன் 2'இல் மும்பைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. குடிசைப் பகுதி, ரயில் தடம், சினிமாப் படப்பிடிப்பு எல்லாம் இருக்கும். பார்த்தபோது பெருமையும் கொஞ்சம் வலியும் சேர்ந்து வந்தன. நம் தெருவில் ஒரு கொலைகாரன் வேட்டையாடுகிறான். நம் தெருவில் வாழ்பவர்கள் பின்னணியில் நிற்கிறார்கள். தோல் பதனிட்ட எங்கள் தாத்தாக்களின் கதையையும், ரேஷன் வரிசையில் சிநேகிதம் பிடித்த எங்கள் அம்மாக்களின் கதையையும் இங்கே பிறந்தவர்தான் ஆட்டமாகச் செய்ய முடியும். அந்தப் பிள்ளை ஒருநாள் வருவான், அல்லது வருவாள். முதல் ஆட்டத்தில் தவறும் இருக்கும். அன்று நாம் எப்படிப் பேசுவோம் என்பதை இன்றே பழக வேண்டும்.

ஒரு வாக்கியம் பற்றி எரிந்தபோது

மனம் திறந்தவர்கள் சுட்டுக்கொண்ட கதைகளும் உண்டு. 2018 அக்டோபரில் ராக்ஸ்டாரின் டேன் ஹவுசர், நியூயார்க் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'க்காகச் சில வாரங்களில் வாரத்துக்கு நூறு மணி நேரம் உழைத்தோம் என்று சொன்னார். பெருமையாகச் சொன்ன வாக்கியம் தீயாகப் பரவியது. ஊழியர்களைப் பிழிகிறார்களா என்று உலகமே கேட்டது. தான் சொன்னது மூத்த எழுத்தாளர்கள் சிலரை மட்டும்தான் என்று அவர் விளக்கினார். பிறகு, அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் அனுபவத்தைப் பொதுவில் பேச நிறுவனம் அனுமதித்தது. நல்லதும் கெட்டதுமாகப் பல குரல்கள் வந்தன. ரசிகர்களின் கோபம் நல்லது செய்த தருணம் இது. ஆட்டத்தின் அழகுக்குப் பின்னால் யாருடைய தூக்கம் போனது என்று அவர்கள் கேட்டார்கள்.

பீட்டர் மோலினியூவின் கதை வேறு. புகழ்பெற்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். 'கோடஸ்' என்ற ஆட்டத்துக்கு 2012 டிசம்பரில் மக்களிடம் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். சொன்னது பலவும் நடக்கவில்லை. போட்டியில் வென்ற ஓர் இளைஞருக்கு வாக்களித்த வருவாய்ப் பங்கும் போய்ச் சேரவில்லை. 2015 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளர் அவரைப் பேட்டி கண்டார். பொய் சொல்வதே உங்கள் சுபாவமா என்பதுதான் முதல் கேள்வி. பணம் கொடுத்தவர்களின் குரலாக அது ஒலித்தது என்று சிலர் பாராட்டினார்கள். ஒரு மனிதரை இப்படி நிறுத்திவைப்பது முறையா என்று சிலர் வருந்தினார்கள். இனிப் பத்திரிகைகளிடம் பேசப்போவதில்லை என்று மோலினியூ அறிவித்தார். பணம் வாங்கியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாயை அடைத்துவிடும் கேள்வியால் பணம் கொடுத்தவருக்கு ஒரு பதிலும் கிடைக்காது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது டபுள் ஃபைன் நிறுவனம் 2023இல் இலவசமாக வெளியிட்ட ஆவணத் தொடர். 'சைக்கோநாட்ஸ் 2' உருவான ஆண்டுகளை 32 பகுதிகளில் காட்டுகிறது. கருத்து வேறுபாடு, சோர்வு, வேலையை விட்டுப் போனவரின் மனவருத்தம் எதையும் வெட்டவில்லை. பார்த்தவர்கள் பெரும்பாலும் நன்றிதான் சொன்னார்கள். துண்டு துண்டாக வெளிவரும் உண்மை தீக்குச்சியாகிறது. முழுதாக வரும்போது பார்ப்பவருக்குப் புரிதல் வருகிறது. முப்பது விநாடித் துண்டு வீடியோவில் மட்டும் பேட்டியைப் பார்த்துவிட்டுக் கோபப்படும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

பேனர் வைத்த ரசிகர்கள்

2016 ஆகஸ்டில் பிரிட்டனின் ஹலோ கேம்ஸ் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை' பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. வெளிவருவதற்கு முன் அந்த நிறுவனத்தின் ஷான் மர்ரே நிறையப் பேட்டி கொடுத்தார். ஆர்வத்தில் நிறையச் சொன்னார். சொன்னதில் பல, முதல் நாள் ஆட்டத்தில் இல்லை. இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போயும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. வெளியீட்டைச் சில வாரங்கள் தள்ளி வைத்ததற்கே கொலை மிரட்டல் வந்திருந்தது. வெளியான பிறகு வசைமழை. மர்ரே பேசுவதை நிறுத்திவிட்டு வேலை செய்தார். அந்த நவம்பரிலேயே முதல் பெரிய அப்டேட் வந்தது. 2018 ஜூலையில், சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாக வந்தது. அப்டேட்டுகளுக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

2019இல் ரசிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, ஹலோ கேம்ஸ் அலுவலகத்தின் அருகே நன்றி சொல்லி ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். பேனர் வைப்பது நமக்குப் புதிதா? தொண்ணூறு அடிச் சாலையில் எந்தப் பண்டிகைக்கும் தலைவர் படத்தோடு பேனர் எழும். ஆனால் சரிந்து விழுந்தவர் எழுந்து நின்றதற்காக, அவர் செய்து முடித்த வேலைக்காக வைத்த பேனர் அது. அதைப் படத்தில் பார்த்தபோது என் கண் கலங்கியது உண்மை.

ரசிகரின் நியாயம்

ஆட்டக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாராவியில் ஒரு பையன் பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தை ஆட்டத்துக்குக் கொடுக்கிறான். அது லேக் ஆனால், பாதியில் ஹேங் ஆனால், காட்டிய படத்துக்கும் கொடுத்த பொருளுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் அவன் கத்தத்தான் வேண்டும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' குறைகளோடு வெளிவந்தது. மக்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்தது. அடுத்த மாதம் ஆட்டத்தைச் செய்த நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. ஆட்டமும் பிறகு சீரானது. ஆனால் அதே ஆட்டத்தின் தேதி தள்ளிப்போனது என்பதற்காக, அதற்கு முன் அக்டோபரில் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் விடுத்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. 'இந்தப் பொருள் சரியில்லை' என்பது ரசிகரின் உரிமை. 'நீ வாழக் கூடாது' என்று சொல்ல உலகில் எவருக்கும் உரிமை இல்லை.

மிரட்டலைவிடவும் எனக்குப் பயம் தருவது வேறொன்று. ஒருவர் தன் தடுமாற்றத்தைச் சொன்னதும் அதை எடுத்து அவரையே அடித்தால், அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். பேசும் பொறுப்பு விளம்பரப் பிரிவுக்குப் போய்விடும். அவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒளிக்காமல் பேசியவரைத் தண்டித்தால் நமக்கு மிஞ்சுவது மழுப்பல்தான். நஷ்டம் ரசிகருக்குத்தான்.

கும்பார்வாடாவில்

போன தீபாவளிக்கு முன் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு தாராவி கும்பார்வாடாவுக்குப் போனேன். குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக மண் பிசையும் குயவர்களின் குடியிருப்பு அது. சூளைப் புகை கண்ணைக் கரிக்கும். அம்மாவுக்குத் தண்ணீர்ப் பானை ஒன்று வேண்டும்.

பானையை அவள் எப்போதும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். விரல் மடக்கி இரண்டு தட்டு. ஓசை கணீரென்று வந்தால் சரி. சொத்தையாகக் கேட்டால் கீறல். 'இதுல கீறல் இருக்கு பாய்' என்று நேருக்கு நேராகச் சொல்வாள். அவரும் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று ஓரமாக வைப்பார், அல்லது இல்லையென்று வாதாடுவார். பானை செய்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதால் அம்மா ஒருநாளும் பொய்க் குறை சொன்னதில்லை. வாங்குபவள் எதிரே நிற்கிறாள் என்பதால் அவரும் கீறலை மறைத்ததில்லை. தட்டும் கைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று அம்மா வரவில்லை; முழங்கால் வலி. அக்கா மகன்தான் குனிந்து ஒவ்வொரு பானையாகத் தட்டினான். நாலாவது பானையில் நின்றான். காதைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி தட்டினான். பிறகு சக்கரத்தின் அருகே மண் காயாத கைகளோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து இந்தியில் கேட்டான்.

"சாச்சா, இதை யார் செஞ்சது?"

பெரியவர் தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். அந்தப் பானைதான் இப்போது செட்டா நகர் வீட்டில் இருக்கிறது.